செய்தியோடு வந்தவர்கள்

(தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, 23.03.2025 அன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்தி: லூக்கா 13:1-9)



இன்றைய நற்செய்தியில் சிலர் இயேசுவிடம் ஒரு செய்தியோடு வருகிறார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்றுபோட்டான் என்பதே அந்தச் செய்தி. வந்தவர்கள் யார் என்று லூக்கா சொல்லவில்லை. இறந்தவர்களின் சொந்தக்காரர்களாகத் தெரியவில்லை. அப்படி இருந்திருந்தால் அழுதுகொண்டு வந்திருப்பார்கள், ஆண்டவரும் அவர்களோடு வேறு விதமாகப் பேசியிருப்பார். எங்கோ கேட்டதை, கேட்ட சூட்டோடு சொல்ல ஓடிவந்தவர்கள் அவர்கள். சொல்லிவிட்டு, இவர் என்ன சொல்லப்போகிறார் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் கடந்த திருவருகைக் காலத்தில் எனக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு ஞாபகத்துக்கு வருகிறது.

2024 டிசம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைய நற்செய்தி எது என்று உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கடலின் முழக்கத்தைக் கேட்டு மக்கள் கலங்குவார்கள் என்று ஆண்டவர் சொல்லும் பகுதி. முந்தின நாள் இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. புயல் கடலோரத்தோடு போய்விடும், மலைக்கு என்ன வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டே நானும் மறையுரை வைத்தேன். அது போகவில்லை. நகர மனமில்லாமல் உள்நாட்டுக்குள் மெல்ல ஊர்ந்து வந்து, மறுநாள் காலைக்குள் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர், நம் ஏற்காட்டில் 24 சென்டிமீட்டர் என்று கொட்டித் தீர்த்தது. மலைப்பாதையில் மண் சரிந்தது. மரங்கள் விழுந்தன. மின்சாரம் போனது. மின்சாரம் போனதால் டி.வி.யும் போனது.

திங்கட்கிழமை காலை காரில் போட்டு கைப்பேசிக்கு உயிர் கொடுத்திருந்த நேரத்தில் ஓர் அழைப்பு. ஒரு செய்தித் தொலைக்காட்சியிலிருந்து பேசினார்கள். எந்தத் தொலைக்காட்சி என்பது முக்கியமில்லை. இளம் குரல், இரவெல்லாம் தூங்காத குரல்.

"ஃபாதர், ஏற்காட்டுல எத்தனை உயிரிழப்பு?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல தம்பி, கடவுள் காப்பாத்தினார். ஆனா ரோடு போயிருச்சு, உள் கிராமங்கள்ல இருந்து யாரும் வர முடியல. காபிப் பழம் பறிக்கிற நேரம், எல்லாம் கொட்டிப்போச்சு. தினக்கூலிக்காரங்க..."

"விஷுவல் ஏதாவது இருக்கா ஃபாதர்?"

"இல்லையேப்பா."

"சரி ஃபாதர், திரும்பக் கூப்பிடுறேன்."

அவர் திரும்பக் கூப்பிடவில்லை. யாரும் இறக்கவில்லை என்று நான் சொன்னபோது அந்தக் குரலில் ஒரு சின்ன இறக்கம் இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு மேலே ஒருவர் உட்கார்ந்து எண்ணிக்கை கேட்டிருப்பார். அவருக்கும் மேலே ஒருவர் வாரந்தோறும் வரும் டி.ஆர்.பி. கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாடு முழுவதும் சில பத்தாயிரம் வீடுகளில் பொருத்தியிருக்கும் கருவிகள்தான் எந்தச் செய்தியை யார் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று சொல்கின்றன, அதைப் பொறுத்துத்தான் விளம்பரம் வருகிறது. வெள்ளத்தில் நிற்பவர் வீட்டில் மின்சாரமே இல்லை. அவர் அந்தக் கணக்கில் இல்லை. அவரைப் பற்றிய செய்தி, அவரைத் தவிர மற்ற எல்லோருக்காகவும் தயாராகிறது.

அன்று மலையில் இருந்தவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது என்ன? சேலம் பாதை திறந்திருக்கிறதா, குப்பனூர் பாதையில் வண்டி போகுமா, நிறைமாதக் கர்ப்பிணியை எந்த வழியாகக் கீழே கொண்டுபோவது, ரேஷன் லாரி எப்போது ஏறும். எங்கள் பக்கத்து எஸ்டேட் காவலாளி ஒருவர் பட்டன் போனில் இருந்த எஃப்.எம்.மைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். (வானொலியில் பேசுகிறேன் என்பதற்காக வானொலியைப் புகழவில்லை.) தொலைக்காட்சியில் அன்று ஓடியது 'ஏற்காடு துண்டிப்பு' என்ற தலைப்பு என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்தத் தலைப்பை யோசித்துப் பாருங்கள். யாரிடமிருந்து துண்டிப்பு? சேலத்திலிருந்து, சுற்றுலா வருகிறவர்களிடமிருந்து. படம் எடுக்கும் வண்டியால் இருபது கொண்டை ஊசி வளைவில் எதுவரை ஏற முடிந்ததோ, அதுவரைக்கும்தான் ஏற்காடு. நாகலூரும் மாரமங்கலமும் செம்மநத்தமும் வெயில் காலத்திலேயே துண்டிப்பில்தான் இருக்கின்றன. அங்கே இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்படியே பேசிக்கொண்டு போனால் தொலைக்காட்சிக்காரர்களைத் திட்டும் மறையுரையாகிவிடும். அது சுலபம். ஆகவே என்னைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த அழைப்பு முடிந்த பிறகு, அதே காரில் உட்கார்ந்து, சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த அதே கைப்பேசியில் நான் என்ன செய்தேன்? ஊத்தங்கரைக் காட்சியைப் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் விளையாட்டுப் பொம்மைகளைப் போல இழுத்துக்கொண்டு போகும். ஒருமுறை பார்த்தேன். பிறகு இன்னொரு சேனல் போட்டிருந்ததைப் பார்த்தேன். வேறொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார், அதையும் பார்த்தேன். ஏழெட்டு முறை இருக்கும். ஒவ்வொரு முறையும் "ஐயோ" என்றேன். அந்த "ஐயோ" பொய்யில்லை. ஆனால் காரைவிட்டு நான் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஒரு பையன் கோவிலுக்கு வந்தான். எஸ்டேட் லைன் வீட்டில் தனியாக இருக்கும் தன் பாட்டியின் வீட்டுச் சுவர் ஞாயிற்றுக்கிழமை இரவே விழுந்துவிட்டது என்றான். பாட்டி ஒரு மூலையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு இரண்டு இரவு இருந்திருக்கிறார். கோவிலில் இருந்து அந்த வீட்டுக்கு நடந்து போனால் இருபது நிமிடம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊத்தங்கரையில் என்ன நடந்தது என்று எனக்கு நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். இருபது நிமிட நடையில் என்ன நடந்தது என்று இரண்டு நாள் தெரியாது.

எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவரைக் குருவும் லேவியரும் பார்க்காமல் போகவில்லை. இருவரும் பார்த்தார்கள் என்றுதான் லூக்கா எழுதுகிறார், பார்த்துவிட்டு மறுபக்கமாய்ப் போனார்கள். சமாரியரும் பார்த்தார். மூவரும் பார்த்தது ஒன்றையேதான். குருமடத்தில் இந்த உவமையை எத்தனையோ முறை படித்தேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். கதையில் வரும் குரு நான்தான் என்பது அந்தச் செவ்வாய்க்கிழமை மாலைதான் தைத்தது.

நம் நற்செய்திக்குத் திரும்புவோம். செய்தியோடு வந்தவர்களிடம் ஆண்டவர் என்ன செய்கிறார்? அவர்கள் ஒரு செய்தி சொன்னார்கள், அவர் இன்னொன்றைச் சேர்த்துச் சொல்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்களே, அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று கேட்கிறார். ஆக, செய்தி அவருக்கும் தெரியும். எண்ணிக்கையைச் சரியாகச் சொல்கிறார், இடத்தைச் சொல்கிறார், அதோடு நிறுத்திக்கொள்கிறார். யார் எப்படி அலறினார், யார் உடல் எந்த நிலையில் கிடைத்தது என்று ஒரு சொல் இல்லை. செத்தவர்களின் பாவத்தைத் தேடும் வேலையையும் உடனே நிறுத்துகிறார். நம் கிறிஸ்தவர்களில் சிலர் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு யூடியூபில் உட்கார்ந்து, இது கடவுள் கொடுத்த தண்டனை என்று முழங்குகிறார்கள். சுனாமிக்கும் அதைச் சொன்னார்கள். தயவுசெய்து அந்தக் காணொளிகளை எனக்கு அனுப்பாதீர்கள். ஆண்டவர் இன்றைய பகுதியில் அதற்குப் பதில் சொல்லி முடித்துவிட்டார்.

அந்த ஞாயிறு மாலை திருவண்ணாமலையில் வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியதை அறிவீர்கள். ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் பிள்ளைகள். மீட்புப் பணி நடந்த நேரமெல்லாம் கேமராக்களும் அங்கே நின்றன. நிற்பது தவறு என்று நான் சொல்லவில்லை. கேமரா நின்றதால் அதிகாரிகள் வேகமாக நகர்வதும் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட இடங்களில், பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டி "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வி எதற்கு? பதில் கேட்பவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும்.

இலாசர் இறந்த வீட்டுக்கு ஆண்டவர் போனபோது அவரும் ஒரு கேள்வி கேட்டார். அவனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அங்கே போகப்போகிறவர் கேட்கும் கேள்வி அது. கேட்டார், அழுதார், போனார். யோபுவின் நண்பர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாம் அவர்களைக் குறை சொல்லியே பழகிவிட்டோம், ஆனாலும் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஊத்தங்கரைக் காட்சி திங்கட்கிழமை காலை நடந்தது. புதன்கிழமையும் திரையில் அது ஓடியது. வெளியூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அன்றுதான் நடக்கிறது என்று நினைத்துப் பதறிப்போய்க் கூப்பிட்டார்கள். பேரிடர்க் காட்சிகளைக் காட்டும்போது அவை எடுக்கப்பட்ட தேதியையும் நேரத்தையும் திரையில் போட வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 ஆகஸ்டில்தான், வயநாடு நிலச்சரிவுக்குப் பின், தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. நான் பார்த்த காட்சிகளில் தேதியும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு தேதி போடுவதற்கு எவ்வளவு செலவாகும்? போட்டால் அது பழைய செய்தியாகிவிடும், அவ்வளவுதான் செலவு.

2013 ஜூனில் உத்தராகண்ட் வெள்ளத்தின்போது ஒரு செய்தியாளர், வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட ஒருவரின் தோள்மேல் ஏறி உட்கார்ந்து ஆற்றின் நடுவில் மைக்கில் பேசிய படம் வெளியாகிப் பெரிய விமர்சனம் எழுந்தது. அவருக்கு வேலையும் போனது. அவரும் ஏதோ விளக்கம் சொன்னார். கேமராவில் அவருடைய நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிந்திருந்தால், கீழே ஒருவர் சுமந்து நிற்பது நமக்கு எப்போதும் தெரிந்திருக்காது. புனித கிறிஸ்டோபர் ஆற்றில் குழந்தை இயேசுவைச் சுமந்த படம் நம் பல பேர் வண்டியில் தொங்குகிறது. அதில் சுமக்கிறவரை மறைத்துவிட்டுப் படம் வரைய யாருக்கும் தோன்றவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். இடுப்பளவு நீரில் நின்று செய்தி சொல்லும் மாவட்டச் செய்தியாளர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. அவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கும். 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு பெருகியபோது அச்சகத்துக்குப் பணியாளர்கள் போக முடியாமல், 1878-இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழே ஒருநாள் அச்சாகவில்லை. அந்த நாட்களில் உதவி எண்களைத் திரையில் ஓடவிட்ட தொலைக்காட்சிகளால் பிழைத்தவர்கள் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டு சமூகத் தொடர்பு நாள் செய்தியில், அலுவலகத்திலேயே உட்கார்ந்து செய்தி தயாரிக்காமல் செருப்புத் தேய நடந்து மக்களைப் போய்ப் பாருங்கள் என்ற கருத்தைச் சொன்னார். மழையில் நடக்கிற செய்தியாளர்கள் அதைச் செய்கிறார்கள். அவர்கள் பார்த்ததில் எவ்வளவு நம் திரைக்கு வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி.

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தைப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த ரயிலைப் பற்றி நாடெல்லாம் பேசியது, பேச வேண்டியதுதான். ஆனால் அவர்களுக்கு முதலில் சோறு போட்டது யார்? பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். தங்கள் ஊரையே வெள்ளம் சூழ்ந்திருக்க, இருந்த அரிசியைப் போட்டுக் கோவிலில் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரயிலின் செய்தி ஹெலிகாப்டர் வந்ததோடு முடிந்தது. ஆற்றங்கரை ஊர்களில் சேறு வழித்து வீட்டை நிமிர்த்த எத்தனை மாதம் ஆனது என்று பார்க்க எந்த வண்டியும் திரும்பிப் போனதாக எனக்கு நினைவில்லை.

லூக்கா இன்றைய பகுதியில் இடிந்த கோபுரத்துக்குப் பக்கத்திலேயே அத்திமரத்தை நட்டு வைத்திருப்பது ஏன் என்று நான் பல வருடம் யோசித்ததுண்டு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? உரிமையாளர் மூன்று வருடமாக வந்து பார்க்கிறார், பழம் இல்லை, வெட்டு என்கிறார். தோட்டத் தொழிலாளியோ இன்னும் ஒரு வருடம் கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்கிறார். நம் மலையில் தோட்ட வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விழுந்த கோபுரத்தை எல்லோரும் ஓடிவந்து பார்ப்பார்கள். ஒரு வருடம் குனிந்து கொத்துகிறவனை யார் பார்ப்பார்கள்? மனம் மாறுங்கள் என்று ஆண்டவர் சொல்லிவிட்டு உடனே கையில் மண்வெட்டியோடு ஒருவனைக் காட்டுகிறார்.

கேள்வி கேட்கவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். நம் சேர்வராயன் மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு வாணியாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் மூழ்கின. முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு, போதிய எச்சரிக்கை இல்லை என்றன எதிர்க்கட்சிகள். அன்று மாலை விவாத மேடைகளில் ஒரே நேரத்தில் நாலு பேர் கத்தினார்கள். கரையில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு எத்தனை மணிக்கு, யார் வாயால், எந்தச் சொல்லால் அந்த எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது? அது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஊர் ஊராகப் போய், வீடு வீடாகக் கேட்டு, அடுத்த மழைக்கு முன் பதில் வாங்க வேண்டிய கேள்வி. ஒரு மாலை விவாதத்தில் அதற்கு நேரம் கிடையாது. மூன்றாம் நாள் வேறு செய்தி வந்துவிட்டது.

அந்தப் பாட்டியின் கதையை முடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு டார்ச் லைட்டோடு நானும் உபதேசியாரும் போனோம். தலைகுனிந்துதான் போனேன். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்:

"சாமி, டி.வி.யில நம்ம ஊரைக் காட்டுனாங்களா?"

"காட்டுனாங்களாம் பாட்டி. மலை ரோட்டைக் காட்டுனாங்களாம்."

"நம்ம லைனைக் காட்டலையா?"

"இல்ல பாட்டி."

"பின்ன, யாருக்குத் தெரியும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தன்னை யாராவது பார்க்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கேமராவைப் பற்றி நான் இத்தனை குறை சொல்கிறேன், அவர் அதற்காகக் காத்திருந்திருக்கிறார். அல்லது யாருக்காகவோ.

இப்போது எங்கள் பங்கு அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வோர் அன்பியத்திலும் தனியாக இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், மண்சுவர் வீடுகள் எவையென்று அதில் எழுதியிருக்கிறோம். கிறிஸ்தவர் வீடு, இந்துக்கள் வீடு என்று பிரிக்கவில்லை. மழை பலத்தால் அன்றிரவே யார் எந்த வீட்டுக்கு நடந்து போக வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. முதல் பக்கத்தில் அந்தப் பாட்டியின் வீடு, எதிரே என் பெயர். முன்சுவரை நம் இளைஞர்கள் ஜனவரியில் எழுப்பிவிட்டார்கள். பின்சுவருக்கு இன்னும் கல் வரவில்லை. சித்திரை மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும், வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.